பினாங்கு அக்காவுக்கு எடுத்த பாலிசி

1. மாடு பொய் சொல்லாது

திருவள்ளூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில் எங்கள் இன்சூரன்ஸ் கிளை இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ப்ரொபோசல் செக்ஷனில் வேலை பார்த்தேன். ப்ரொபோசல் என்றால் பாலிசி கேட்பவர் தன்னைப் பற்றி எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம். பதில்களைச் சரிபார்த்து, "என் முன்னிலையில் நிரப்பப்பட்டது" என்று அடியில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. மாடு, லாரி, ரைஸ் மில், படகு, இந்த நாலுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாலிசி போட்டுவிடுவேன். அதிலும் மாடு ரொம்ப சௌகரியம். காதில் தகடு அடித்தால் தீர்ந்தது. அது தன் வயதைக் குறைத்துச் சொல்லாது. சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டும் வராது.

ஒரு திங்கட்கிழமை ஏழுமலை என்று ஒருவர் வந்தார். கவரைப்பேட்டைக்காரர். முன்பு கழனி வேலை, அப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஃபேக்டரியில் வேலை. கையில் ஒரு ஏர்மெயில் கடிதம்.

"எங்க அக்காவுக்கு இன்சூரன்ஸ் போடணும் மேடம். இன்னிக்கே போடணும்" என்றார்.

"உட்காருங்க. அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணியும் இல்ல. நல்லாத்தான் கீறாங்க. இந்தக் கடுதாசிதான் பேஜாரா கீது."

கடிதம் பினாங்கிலிருந்து வந்திருந்தது. அனுப்பியவர் அக்காவின் மகன் தனசேகர், அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். இங்கிலீஷில் டைப் அடித்து, மாமாவுக்கு ஆபீஸ் மெமோ மாதிரி நம்பர் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, இந்தியாவில் இருக்கும் வரை என் தாயாருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். இரண்டு, அந்தப் பாலிசியை எனக்கு அனுப்ப வேண்டும். மூன்று, தவறினால் அடுத்த கப்பலில் தாயாரைத் திருப்பி அனுப்ப வேண்டும். "தங்கள் அன்புள்ள மருமகன்" என்பதற்கு மட்டும் நம்பர் இல்லை.

ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. "முப்பத்திரெண்டு வருசம் மேடம். கல்யாணம் கட்டிகினு கப்பல் ஏறுனவ. எங்க அம்மா செத்ததுக்கும் வர்ல, அப்பா செத்ததுக்கும் வர்ல. இப்பதான் வந்துகீறா. எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகீறேன். நலங்கு வெக்க அத்தைன்னு இவ ஒருத்திதான். அடுத்த கப்பலு கல்யாணத்துக்கு முன்னாடியே கெளம்பிடும் மேடம்."

ஆக, விஷயம் இதுதான். காகிதம் போனால் அக்கா இருப்பார். போகாவிட்டால் தம்பி மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே கப்பல் ஏறுவார்.

இப்போது போல அப்போது ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கடைச்சரக்கு இல்லை. ஏழுமலையே ஒரு யோசனையோடு வந்திருந்தார். "எனுக்கு ஃபேக்டரில இ.எஸ்.ஐ. கீது மேடம். அதுல அக்கா பேரையும் சேத்துட்டா?"

"அக்காவைச் சேர்க்க மாட்டாங்க. அம்மா அப்பான்னா பார்ப்பாங்க."

"அப்பொ அம்மான்னு எய்திடலாம்."

"அக்கா உங்களை விட எத்தனை வயசு பெரியவங்க?"

"அஞ்சு" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேனேஜர் சுந்தரேசனிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பர்சனல் ஆக்சிடென்ட் போட்டுடும்மா, ஈஸி" என்றார். அது விழுந்தால், அடிபட்டால் மட்டும் கொடுக்கும். ஜுரம் வந்தால் கொடுக்காது. மகன் கேட்பது ஆஸ்பத்திரிச் செலவு என்றேன். அவர் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து, விபத்தோடு நோயும் சேர்ந்த ஒரு பாலிசியின் ஃபாரத்தை எடுத்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது.

"இதுல கேள்வி ஜாஸ்தி. நேர்ல போய் அந்த அம்மாவையே கேட்டு எழுதிட்டு வா" என்றார். அந்த அம்மாவையே என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காதில் வாங்கியதோடு சரி.

2. கவரைப்பேட்டையில் மெடிக்கல்

புதன்கிழமை பெரியபாளையம் போய், பஸ் மாறி, கவரைப்பேட்டையில் இறங்கினேன். ஏழுமலை வீட்டில் நான் தேடிப் போனது ஒரு ஆளை. இருந்தது பதினோரு பேர். பக்கத்து வீட்டு ஆட்களும் ஜன்னலில் நின்றார்கள்.

நடுவில் முனியம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பினாங்கு அக்கா. ஐம்பத்தைந்து வயசிருக்கும். பூப்போட்ட சேலை, மடியில் பெரிய கைப்பை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னா ஆச்சு?" என்று பதறிக் கேட்டேன். அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் எனக்கும் 'இன்னா' வந்துவிட்டது.

"ஒண்ணியும் இல்ல மேடம். நீங்க வர்றீங்கன்னு ரெடி பண்ணிகினு இருந்தோம்" என்றார் ஏழுமலை பெருமையாக.

பிறகுதான் விளங்கியது. அந்தத் தெருவில் பாதிப்பேர் கழனியை விட்டு ஃபேக்டரிக்குப் போனவர்கள். உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஃபாரம் என்று அவர்கள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அது ஃபேக்டரி கேட்டில் நடக்கும் மெடிக்கல். அங்கே நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும், எழுத்தைப் படிக்க வேண்டும், எடை தூக்க வேண்டும். இருமல் என்று வாய் தவறிச் சொன்னாலும் கேட்டுக்கு வெளியே போக வேண்டியதுதான். இன்சூரன்ஸுக்கு ஆள் வந்து கேள்வி கேட்கப் போகிறார் என்றதும், மூன்று நாளாக அக்காவை அதற்குத் தயார் செய்திருக்கிறார்கள்! காலண்டரைச் சுவரில் மாட்டித் தள்ளி நின்று தேதியைப் படிக்க வைத்திருக்கிறார்கள். நான் வருவதற்குச் சற்றுமுன் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலை இரண்டு சுற்று வந்திருக்கிறார். அதுதான் மூச்சிரைப்பு.

"கண்ணு பார்வ ஃபஸ்ட் கிளாஸ். வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றார் ஒருவர்.

"இது வேலைக்கு எடுக்கிற மெடிக்கல் இல்லீங்க" என்றேன். யார் கேட்டார்கள்?

நான் ஃபாரத்தைப் பிரித்து முதல் கேள்வியைப் படித்தேன். "சர்க்கரை வியாதி உண்டா?"

"அந்த வியாதியே எங்க வம்சத்துல கெடையாது" என்றார் ஏழுமலை.

"ரத்தக் கொதிப்பு?"

"அக்காவுக்குக் கோவமே வராது மேடம்" என்றார் அவர் மனைவி.

"மயக்கம், மூச்சுத் திணறல்?"

"தோ, இப்பதான் கொடம் தூக்கினாங்களே, வியுந்தாங்களா?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

முனியம்மாள் மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் வேறு யாரோ பதில் சொன்னார்கள். நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். ஆனால் பெரியபாளையம் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, அடியில் என் கையெழுத்தையும் போட்டேன்.

"பாஸா மேடம்?" என்று கேட்டார் ஏழுமலை.

ஊரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

3. கைப்பை

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் முனியம்மாள் படியேறி வந்தார். கூட ஒரு ஆள் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தார். பெரியபாளையம் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாராம்.

என் எதிரில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து மேசை மேல் கவிழ்த்தார். நாலு பாட்டில் மாத்திரை, ஒரு பொட்டலம், பினாங்கு டாக்டர் எழுதிய ஒரு சீட்டு.

"இது சக்கரைக்கு. இது பிரஷருக்கு. இது ரெண்டும் முட்டிக்கு. அன்னிக்கி எய்திகினு போனியே கண்ணு, அது அத்தினியும் பொய்யி" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பினாங்கில் இருந்தும் அவர் பேச்சு கவரைப்பேட்டையை விட்டு நகரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"எங்க சொல்ல வுட்டீங்க?"

என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 'வுட்டாங்க' என்று சொல்லவில்லை. 'வுட்டீங்க' என்றார். என்னையும் சேர்த்துத்தான்.

"உங்க பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா கப்பல் ஏற வுட்டிருப்பானா? அவன் வேலைக்குப் போனதுக்கப்பறம் மாத்திர போட்டுக்குவேன். இங்க தம்பிக்குத் தெரிஞ்சா கல்யாண ஊட்ல அழுதுகினு குந்திப்பான். ரெண்டு பக்கமும் மறைச்சிகினு கீறேன் கண்ணு. முடியல."

"அப்போ எங்கிட்ட மட்டும் ஏம்மா சொல்றீங்க?"

"நாளைக்கி நான் வியுந்துட்டா, பொய்யி எய்திகீறேன்னு உங்க ஆபீஸ்ல டப்பு தர மாட்டீங்க. அப்பறம் யாரு கட்டறது? எந்தம்பி. கல்யாணத்துக்கு வெச்சதத்தான் எடுத்துக் கட்டுவான். அதுக்கு நான் இப்பவே கப்பலேறிப் போயிடலாம்."

இந்தத் தொழிலில் ஒவ்வொரு பாலிசியின் பின்பக்கமும் எழுதியிருக்கும் விதியை, ஃபாரத்தைப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் என்னை விட நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேனேஜரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். நான் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினார். கத்தி முடித்துவிட்டு, பழைய ஃபாரத்தின் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, "புதுசு எடு. அந்த அம்மாவைப் பார்த்து எழுது" என்றார். எங்கள் கம்பெனி டாக்டரிடமும் அன்றே அனுப்பினோம். அவரும் சீட்டில் உள்ளதையே சொன்னார்.

4. ஒட்டிய சீட்டு

மெட்ராஸ் ஆபீசிலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. பாலிசி தரலாம், ஆனால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, அவற்றால் வருவது எதுவும் இதில் சேராது என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். எங்கள் பாஷையில் எக்ஸ்க்ளூஷன்.

முனியம்மாளை வரவழைத்து மேனேஜர் விளக்கினார். "கால் உடைஞ்சா கொடுப்போம். டைபாயிடு வந்தா கொடுப்போம். சர்க்கரைக்கு மட்டும் கிடையாது. அது முன்னாடியே வந்துடுச்சு பாருங்க."

"நாயமாத்தான் கீது" என்றார் முனியம்மாள். பிறகு என் பக்கம் குனிந்து, "பையனுக்கு அனுப்பறப்போ அந்தச் சீட்டை மட்டும் வுட்டுட்டு அனுப்பக் கூடாதா கண்ணு?" என்றார்.

சீட்டு ஒரு துளி கோந்தில் நின்றுகொண்டிருந்தது. நகத்தால் கீறினால் வந்துவிடும். மேனேஜர் திடீரென்று ஜன்னல் வழியே கோர்ட்டு வேப்பமரத்தை ஆராய ஆரம்பித்துவிட்டார். எனக்கும் கை அரித்தது. தம்பி மகள் கல்யாணத்தைப் பார்க்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

முனியம்மாளே என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். உன் வேலைக்கு வம்பு. ஒட்டினது ஒட்டினபடியே போவட்டும். வர்றது வரட்டும்."

வந்தது. முதலில் தந்தி: 'அம்மாவுக்கு இனிப்பு கொடுக்காதீர்கள், வருகிறேன்.' அதன் பின்னால், கப்பலில் தனசேகரே வந்தார். திங்கட்கிழமை வந்த கப்பல் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது. கல்யாணம் அதற்கடுத்த வியாழக்கிழமை. அம்மாவுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஃபைலோடு என் முன்னால் உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டை, டை, அந்த வெயிலில். "மிஸ், என் தாயாருக்கு இந்த நோய்கள் இருப்பது எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"அவங்களே சொன்னாங்க."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"அது ஃபாரத்துல இல்லாத கேள்வி சார்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஃபைலை மூடினார். எழுந்து போகும்போது பழக்க தோஷத்தில் கேட்டேன்: "உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா சார்? இல்லேன்னா இன்னிக்கே போட்டுடலாம்."

"எனக்கு எதுக்கு மிஸ்? எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆறு நாள்தானே" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாராம். அம்மாவுக்கு என்னென்ன பரிமாறக் கூடாது என்று. சோறு ஒரு கரண்டி, இனிப்பு கூடாது, கருவாடு கூடாது, கறி கூடாது. ஏழுமலை அழுதுவிட்டார். ஆனால் தாளுக்குக் கட்டுப்பட்டார்கள். யாரும் அக்கா இலையில் எதையும் வைக்கவில்லை.

ஆனால் வைப்பதற்கென்று ஆக்கியதை என்ன செய்வது? முப்பத்திரண்டு வருஷம் கழித்து வந்தவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் விருந்து சொல்லியிருந்தார்கள். கல்யாணம் நெருங்குகிற சமயத்தில் எந்த வீட்டுக்காரர் சும்மா இருப்பார்? அம்மா பங்கையும் பிள்ளை இலையிலேயே சாய்த்தார்கள்.

"அம்மாவுக்குத்தான் நீயே வேணான்ட்ட. அவுங்களுக்குண்டானத நீ துண்ணு நைனா" என்பார்கள். மறுத்தால் வீட்டுப் பெண்கள் முகம் சுருங்கும். தான் போட்ட விதிக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய நிலைமை தனசேகருக்கு. செவ்வாய் ராத்திரி கோழி. புதன் ஆட்டுக்கால். வியாழன் பொன்னேரியில் இரண்டு வீடு, இரண்டிலும் கேசரி. வெள்ளிக்கிழமை ஏழுமலையின் சிநேகிதர் ஒருவர் பழவேற்காட்டில் நண்டும் இறாலும் போட்டிருக்கிறார். இரண்டு ஆள் பங்கு.

சனிக்கிழமை காலை ஆபீஸுக்கு டிரங்க் கால். ஏழுமலை.

"மேடம், அக்கா பையனுக்கு இப்பொ ஒரு இன்சூரன்ஸ் போட முடியுமா?"

"இன்னா ஆச்சு?"

"நேத்துலேர்ந்து வயித்தால நிக்காம போய்க்கினு கீது மேடம். பொன்னேரி ஆஸ்பத்திரில சேத்துகீறோம். டாக்டர் ஒரு வாரம் படுன்றாரு."

மேனேஜரிடம் சொன்னேன். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடி நழுவி விழும்வரை சிரித்தார். "வீடு பத்தி எரியும்போது ஃபயர் பாலிசி கேக்கிறாங்கம்மா" என்றார்.

5. கேட்காத கேள்வி

ஞாயிற்றுக்கிழமை கப்பல் போய்விட்டது. டிக்கெட் இரண்டும் தலையணைக்கு அடியில்.

திங்கட்கிழமை பொன்னேரியில் எனக்கு ஒரு ரைஸ் மில் வேலை இருந்தது. முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டை இல்லாமல் தனசேகரைப் பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருந்தது. முனியம்மாள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அரிசிக் கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் தன் மாத்திரையையும் எடுத்துப் போட்டுக்கொண்டார், ஒளிக்காமல்.

தனசேகர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷமா அம்மா?" என்றார் மெதுவாக.

"ஏழு வருசம்."

"ஏழு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

முனியம்மாள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "ஊட்டுக்கு இன்னா வேணும்னு மாசாமாசம் கேப்ப. லிஸ்டு எய்தி வாங்கியாந்து போடுவ. நல்ல புள்ளதான், இல்லேங்கல. உனுக்கு இன்னா பண்ணுதும்மான்னு என்னிக்கினா கேட்டியா?"

தனசேகர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் சட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர். நானும்தானே கேட்கவில்லை.

வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். முதல் நாளே முனியம்மாள் நலங்கு வைத்துவிட்டாராம். வைத்தவர் அழ, பெண் அழ, ஏழுமலை எல்லாரையும் விட அதிகமாக அழுதாராம். தனசேகர் வேட்டியில் ஒரு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பந்தியில் உட்காரச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தது. ஒவ்வொருவரையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ரிடையர் ஆகும் வரை நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ப்ரொபோசல் நிரப்பும்போது யாருக்குப் பாலிசியோ அவரைத் தவிர மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிடுவேன். சண்டைக்கு வருவார்கள். 'எங்க அப்பாவைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?' என்பார்கள். வெளியேதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஆளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். பஸ் போனால் போகட்டும்.

முனியம்மாள் பினாங்கு போய் நாலு மாதம் கழித்து ஆபீஸுக்கு ஒரு கடிதம் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள்.

"கண்ணு, நல்லா கீறியா? இப்பல்லாம் இவன் காலைல எய்ந்ததும் எம்மா இன்னா பண்ணுது, இன்னா பண்ணுதுன்னு உயிர எடுக்கறான். வேலைக்குப் போறப்ப ஒரு தபா, வந்ததும் ஒரு தபா. பேஜாரா கீது. போன வாரம் வேற ஊருக்கு வேலையா போய்ட்டான். நாலு நாளு கேக்க ஆளு இல்ல. மாத்திர தொண்டைல எறங்க மாட்டேன்னுட்டுது."